மைனஸ் விழாத பிரிண்டர்

கழக்கூட்டத்தில் நான் இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் போன மாதம் ஒரு புதிய லேசர் பிரிண்டர் வந்தது. பெட்டியைப் பிரித்து, கேபிளைச் சொருகி, நான் அச்சடித்த முதல் தாளில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு வரி மைனஸ் குறி மட்டும் இருந்தது. அடுத்த வரியில் பிளஸ். பக்கத்தில் நின்ற ஜூனியர் அனீஷ் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“சேட்டா, இது லேசர் அல்லே? இதுல எதுக்கு மைனஸ் டெஸ்ட்?”

“பழக்கம்,” என்றேன்.

பயம் என்று சொல்லியிருக்க வேண்டும். டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய பயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பணி ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். எனக்கு இன்னும் அந்த வயதில்லை. ஆனால் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திருவனந்தபுரம் முழுக்க பிரிண்டர் சரிபார்த்துத் திரிந்த வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. அந்த ஓய்வூதியம் இந்த ஒரு வரி மைனஸ்தான்.

எங்கள் ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மா அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்தவள். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் வரை வந்தது என்னைக் கொண்டுபோய் விடுவதற்காக மட்டும்தான். பாலிடெக்னிக் முடித்து, தம்பானூர் ஓவர்பிரிட்ஜ் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரை ஒரு வங்கியில் ரிப்பனைத் தப்பாக மாட்டிவிட்டு வந்ததற்காக அனுப்பிவிட்டார்கள் என்று சேர்ந்த அன்றே சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்பது மறந்துவிட்டது. ஆனால் அன்று முதல் எந்த ரிப்பனையும் இரண்டு தடவை கழட்டி மாட்டிப் பார்க்காமல் நான் எழுந்ததில்லை.

அனுப்பியவர் விஸ்வநாதன் சார். எங்கள் சர்வீஸ் இன்சார்ஜ். சத்தம் போடுகிற மேலதிகாரி என்றால் ஒரு வாரத்தில் பழகிவிடும். இவர் சத்தமே போடமாட்டார். நாம் கொடுக்கும் சர்வீஸ் ரிப்போர்ட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பார். மேஜையில் வைப்பார். பிறகு, மேலே சுற்றும் ஃபேன் நிற்கட்டும் என்று காத்திருப்பவர்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நமக்கே நம்முடைய தப்பெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.

வெளியே வேலை முடிந்ததும் அவருக்குப் போன் பண்ண வேண்டும். மலையாளத்தில் மூன்றே கேள்விகள் கேட்பார். “பிரிண்ட் வந்நோ? கஸ்டமர் கண்டோ? ஒப்பிட்டோ?” அச்சு விழுந்ததா, வாடிக்கையாளர் பார்த்தாரா, கையெழுத்துப் போட்டாரா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் போனை வைத்துவிடுவார். நல்லது என்றோ சரி என்றோ ஒரு வார்த்தை வராது. என்னோடு மலையாளமும் ஆங்கிலமும் தவிர வேறு எதுவும் அவர் பேசியதில்லை.

அந்த வருஷங்களில் எங்களுக்கு வந்த அழைப்புகளில் பாதி ஒரே விஷயமாக இருந்தது. பழைய கம்ப்யூட்டர் செத்துப்போகும். புதுசு வாங்குவார்கள். பிரிண்டர் மட்டும் பழையது, அது சாகாது. புதிய கம்ப்யூட்டரின் முதுகில் பழைய பிரிண்டரின் தடிமனான கேபிளைச் சொருக இடமிருக்காது. சரி, பிரிண்டரையும் மாற்றுங்கள் என்றால் மாட்டார்கள். அவர்களுடைய புரோகிராம் டாஸ் காலத்தில் யாரோ எழுதிக் கொடுத்தது; எழுதியவர் கல்ஃபில் இருப்பார். அந்தப் புரோகிராமுக்கு அந்தப் பிரிண்டரைத் தவிர எதுவும் தெரியாது.

மெடிக்கல் காலேஜ் பக்கம் இருந்த ஒரு சின்ன லேபிலும் இதே கதைதான். ரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்கிற இடம். ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஹெட்டுக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது ஊசிகள் இருக்கும். அவை ரிப்பனைக் குத்தக் குத்தப் புள்ளி புள்ளியாக எழுத்து உருவாகும். முதல் நாள் சாயந்திரமே போய்ப் பிரிண்டரைத் தனியாகச் சோதித்தேன். ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால் அதுவே எழுத்துகளை அச்சடித்துக் காட்டும். இரண்டு விதம் உண்டு. ஒன்று வேகமான எழுத்து. ஹெட் வரிக்கு ஒரு தடவைதான் போகும். இன்னொன்று நல்ல எழுத்து. ஒரே வரியில் இரண்டு தடவை போய், கொஞ்சம் தள்ளிக் குத்தி, புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைக்கும். கஸ்டமர் முன்னால் நல்ல எழுத்தில்தான் காட்ட வேண்டும் என்பது எங்கள் சென்டரின் வழக்கம். காட்டினேன். முத்துப்போல வந்தது.

மறுநாள் காலையில் புதிய கம்ப்யூட்டரோடு அதைச் சேர்க்க உட்கார்ந்தேன். கன்வர்ட்டர் கேபிளைப் போட்டேன். டாஸ் புரோகிராம் அச்சுக்கு அனுப்பும் பழைய வாசலைப் புதிய கேபிள் பக்கம் திருப்பிவிட ஒரு கட்டளை உண்டு, அதையும் கொடுத்தேன். இந்தப் பிரிண்டரின் பெயர் புதிய கம்ப்யூட்டரின் பட்டியலில் இல்லை. இல்லாவிட்டால் எல்லோரும் செய்வதுபோல, வெறும் எழுத்தை மட்டும் அனுப்பும் பொது டிரைவரைப் போட்டேன். அதற்குள் கவுண்டர் முன்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

கவுண்டரில் இருந்தவர் ஷீபா சேச்சி. உள்ளே டெக்னீஷியன் முடிவுகளை ஏற்றி வைப்பார். சேச்சி பெயரைத் தட்டி, தாளை அடித்துக் கிழித்துக் கொடுப்பார். முதல் தாள் வந்ததும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டிக் கை தட்டினார்.

“வந்நல்லோ! செல்வின் மிடுக்கன்!”

எழுத்து மங்கலாக இருந்தது. எல்லா எழுத்தின் நடுவிலும் மயிரிழை அகலத்தில் ஒரு வெள்ளைக் கீற்று ஓடியது. நான் அதைக் காட்டினேன்.

“ரிப்பன் பழசு சேச்சி. ஹெட்டும் தேஞ்சிருக்கு.”

“அதொந்நும் சாரமில்ல.” சேச்சி காதில் செருகியிருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக் காட்டினார். “மங்கலா இருந்தா நான் மேலே எழுதித் தெளிச்சுக் கொடுப்பேன். பண்டே அப்படித்தான்.”

அந்த வரிசையில் சிமெண்ட் படிந்த சட்டையோடு ஒருவர் நின்றார். பெயர் சுடலைமுத்து, வள்ளியூர்ப் பக்கம், கொத்து வேலை. ஷீபா சேச்சி மலையாளத்தில் கேட்டதற்கு விழித்தவர், என் தமிழைக் கேட்டதும் என் பக்கம் சாய்ந்தார்.

“தம்பி நம்ம ஆளா? பொம்பளப் பிள்ளை பொறந்திருக்கு. முந்தாநாளு. மாசம் ஆகல்லை, சைட்லயே வலி வந்துட்டு. பக்கத்து நர்சிங் ஹோம்ல போட்டேன். இன்னிக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். ரத்தச் சீட்டு வாங்கிட்டு வான்னாங்க.”

“பேரு வெச்சாச்சா அண்ணே?”

“அவ வெப்பா. நமக்கு வாய்ல நொழையிற பேரா இருந்தாச் சரி.”

எனக்கும் சேச்சிக்கும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார். சேச்சி அவருடைய தாளைக் கிழித்து, பேனாவால் எங்கேயோ ஒரு கோடு இழுத்து, நீட்டினார். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வேலை முடிந்தால் கஸ்டமரின் நிஜமான தாள் ஒன்றை மாதிரிக்கு எடுத்து சர்வீஸ் ரிப்போர்ட்டோடு பின் பண்ண வேண்டும். விஸ்வநாதன் சாரின் சட்டம். கூட்டம் குறைந்ததும் திரையில் காலைப் பெயர்களை ஓட்டினேன். பேச்சியம்மாள் என்ற பெயரும், கணவர் இடத்தில் சுடலைமுத்துவும் வந்தன. தெரிந்த ஆள் என்பதால் அதையே அடித்தேன்.

திரையில் ரத்த வகைக்கு நேராக ஓ என்ற ஆங்கில எழுத்தும், பக்கத்தில் ஒரு மைனஸும் இருந்தன. தாளில் ஓ மட்டும் இருந்தது.

மறுபடியும் அடித்தேன். ஓ மட்டும்.

காலி வரியில் மைனஸை மட்டும் வரிசையாகத் தட்டி அனுப்பினேன். ஹெட் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ‘ஸ்ர்ர்’ என்று போனது. தாள் வெள்ளையாக இருந்தது. அந்தச் சத்தத்துக்கும் அந்த வெள்ளைத் தாளுக்கும் நடுவே நான் நின்ற நேரத்தை இன்றைக்கும் என்னால் கடக்க முடியவில்லை. பிளஸை அனுப்பினேன். நடுவில் உடைந்த குச்சிகள்போல வரிசையாக நின்றன. படுக்கைக் கோடு எதிலும் இல்லை.

ஹெட்டில் நடு ஊசி ஒன்று செத்திருந்தது. வேகமான எழுத்தில் மைனஸை அந்த ஒரே ஊசிதான் போடும். பழைய கம்ப்யூட்டரிலிருந்து புரோகிராம் ‘நல்ல எழுத்தில் அடி’ என்று பிரிண்டருக்கு ஒரு ரகசியக் குறிப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை ஹெட் போகும்போது வேறு ஊசி அந்த இடத்தை அடைத்துவிடும். நான் போட்ட டிரைவர் எழுத்தைத் தவிர எல்லாவற்றையும் குப்பை என்று தூக்கிப் போட்டுவிட்டது. அந்தக் குறிப்பையும்தான்.

“சேச்சி, காலைல பிளட் குரூப் சீட்டெல்லாம் எப்படி வந்தது?”

“எப்படின்னா? பிளஸ்ஸோட குறுக்குக் கோடு வரலை. நான் வரச்சுக் கொடுத்தேன்.”

“ஒண்ணுமே இல்லாம வந்ததுக்கு?”

“அதுக்கும் பிளஸ்தான் போட்டேன். மத்ததெல்லாம் பாதி வந்தது, இது முழுசும் வரலைன்னு…” சேச்சி என் கையிலிருந்த தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பேனா மேஜையில் விழுந்து உருண்டது. “என்டெ தெய்வமே. பிரசவம் கழிஞ்ஞ பெண்ணல்லே அது?”

பிரசவத்துக்கும் மைனஸுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. சேச்சிதான் சொன்னார், அவருடைய ரத்தமும் நெகட்டிவ் என்பதால் தெரிந்து வைத்திருந்தார். அம்மா நெகட்டிவாக இருந்து குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால், மூன்று நாளுக்குள் அம்மாவுக்கு ஓர் ஊசி போட வேண்டும். போடாவிட்டால் இப்போது ஒன்றும் தெரியாது. அடுத்த பிள்ளை வயிற்றில் வரும்போது அம்மாவின் ரத்தமே அதைக் கொல்லப் பார்க்கும். “எனக்கு ரெண்டு பிரசவத்துக்கும் குத்தினாங்க,” என்றார். சொல்லிக்கொண்டே நர்சிங் ஹோமுக்குப் போனைச் சுழற்றினார். காலையில் வந்த நெகட்டிவ் அது ஒன்றுதான் என்பதை நான் திரையில் பெயர் பெயராகப் பார்த்து உறுதி செய்வதற்குள் பதில் வந்துவிட்டது. குழந்தைக்குப் பாசிட்டிவ். அம்மாவுக்கும் பாசிட்டிவ் என்று சீட்டில் இருந்ததால் ஊசி போடவில்லை. டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. ஊருக்குப் பஸ் பிடிக்கத் தம்பானூர் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏறிவிட்டார்கள்.

அதே போனில் விஸ்வநாதன் சாரைக் கூப்பிட்டேன். ரிசீவர் வழுக்கியது.

“பிரிண்ட் வந்நோ?”

“வந்தது சார்.”

“கஸ்டமர் கண்டோ?”

“கண்டு சார்.”

“ஒப்பிட்டோ?”

“ஒப்பிட்டு சார். ஆனா… சார், மைனஸ் வரலை.”

பேச்சியம்மாளின் சீட்டு முதல் பஸ் வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். வேலை போயிற்று என்றும் நினைத்தேன். அப்பாவிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அப்போது ஒரு குரல் வந்தது. விஸ்வநாதன் சாருடைய குரல்தான். ஆனால் தமிழ்.

“ஸ்டாண்டு இங்க பக்கத்துலதான் இருக்கு. நான் ஓடறேன். ஆனா நேக்கு அவா மூஞ்சி தெரியாதேடா. நீ வர்ற வரைக்கும் பஸ்ஸை எப்படியாவது பிடிச்சு வெக்கறேன். வாடா, சீக்கிரம் வா!”

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகம் அக்கிரகாரத் தெருக்களில் வீட்டுக்குள் பேசுகிற தமிழ் அது. அவர் தமிழர் என்பதே எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். அது எனக்குத் தைரியம் தரவில்லை. அவருக்கே இவ்வளவு பயம் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்றுதான் பட்டது.

ஆட்டோ பட்டம் ஜங்ஷன் தாண்டியதும் நெரிசலில் நின்றது. எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே, ஒன்று பிறந்த அன்றே. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மாவின் ரத்தத்தை யாரும் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. அது வேறு ஏதாவது காரணமாக இருக்கலாம். ஆனால் ஆட்டோவில் எனக்கு அம்மா முகம்தான் வந்துகொண்டிருந்தது. உள்ளங்கை பிசுபிசுத்தது. பார்த்தால், சுடலைமுத்து கொடுத்த மிட்டாயை எப்போது கையில் எடுத்தேனோ, உறையோடு நசுக்கி வைத்திருந்தேன்.

தம்பானூரில் நான் கண்ட காட்சியை எங்கள் சென்டரில் யாரும் நம்பவில்லை. வள்ளியூர் போகிறவர்கள் ஏறுகிற நாகர்கோவில் பஸ் இன்ஜின் உறுமிக்கொண்டு நிற்கிறது. அதன் முன்கண்ணாடிக்கு நேர்கீழே, இஸ்திரி கலையாத சட்டையோடு விஸ்வநாதன் சார் இரண்டு கையையும் பஸ்ஸின் மூக்கில் ஊன்றிக்கொண்டு நிற்கிறார். டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டுகிறார்.

“யோவ், சாகணும்னா ரயிலுக்குப் போய்யா! என் வண்டிதான் கெடச்சுதா?”

“இன்னும் ரெண்டு நிமிஷம்! ரெண்டே நிமிஷம்!” சார் கத்துகிறார். சத்தமே போடாத மனிதரின் கத்தல் கேட்கச் சகிக்காது. குரல் உடைந்து உடைந்து வந்தது. என்னைப் பார்த்ததும், “ஏறிப் பாருடா!” என்றார்.

நடுவில் ஜன்னலோரம் பேச்சியம்மாள், துண்டில் சுற்றிய குழந்தையோடு இருந்தார். பக்கத்தில் சுடலைமுத்து.

“அண்ணே, இறங்குங்க. அக்காவுக்கு ஒரு ஊசி போடணும்.”

“அட, லேப் தம்பி! என்ன ஊசி? எல்லாம் போட்டாச்சுன்னுதானே வீட்டுக்கு விட்டாங்க.”

“சீட்டு தப்பா வந்துட்டு. ரத்தம் பிளஸ் இல்லை, மைனஸ்.”

“யாரு சொன்னா? டாக்டரா?”

“இல்லண்ணே. நான்தான் பார்த்தேன். பிரிண்டர்ல ஒரு ஊசி வேலை செய்யல்லை.”

பின் சீட்டில் ஒருவர் சிரித்தார். “பிரிண்டருக்கு ஊசி போடாம இந்தப் பிள்ளைக்கு ஏம்ப்பா போடணுங்கே?” பஸ்ஸே சிரித்தது. சுடலைமுத்துவுக்கு முகம் கறுத்தது.

“எலேய், யாருகிட்ட? பிரிண்டர் ரிப்பேர் பாக்கறவன் சொல்லி எம் பொஞ்சாதிக்கு ஊசி போடணுமா? வெவரம் தெரியாதவன்னு ஏமாத்தப் பாக்கியா? எறங்குல கீழ!”

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். அதற்குள் சார் மூச்சிரைக்க மேலே ஏறிவிட்டார். சுடலைமுத்துவை விட்டுவிட்டு நேராக அந்தப் பெண்ணிடம் பேசினார்.

“அம்மா, கொழந்தைக்கு ஒண்ணுமில்லை. உங்களுக்கும் இப்போ ஒண்ணுமில்லை. அடுத்த கொழந்தைக்காகத்தான் சொல்றோம். தப்பு எங்களோடது. வந்து மறுபடியும் ரத்தம் பாக்கட்டும். பிளஸ்னு வந்தா நானே உங்களை வள்ளியூர்ல கொண்டுவிடறேன்.”

பேச்சியம்மாள் குழந்தையைத் தோளுக்கு மாற்றினார். புருஷனைப் பார்த்துச் சொன்னார்:

“எறங்குவோம். ஊர்ல நர்சம்மா எனக்கு நெகட்டிவுன்னுதான் சொன்னாவ.”

“ஏட்டி, அப்ப காலைல ஏன் சொல்லல்லை?”

“மிஷின்ல அடிச்சு பிளஸுன்னு வந்திருந்துச்சு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? மிஷின்தானே சரியா இருக்கும்னு சும்மா இருந்துட்டேன்.”

பஸ்ஸில் சிரிப்பு நின்றுவிட்டது. கண்டக்டர் அவர்களுடைய மூட்டையைத் தானே தூக்கி இறக்கிக் கொடுத்தார்.

நர்சிங் ஹோமில் மறுபடி ரத்தம் எடுத்து, கண்ணெதிரே கண்ணாடித் தகட்டில் பார்த்தார்கள். நெகட்டிவ். ஊசி போட்டார்கள். அந்தத் தகட்டைப் பார்க்கிற வரைக்கும் விஸ்வநாதன் சார் வராந்தாவில் உட்காரவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி போட்டாகிவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னபிறகு என்னைப் பார்த்தார். “அந்த ஹெட்டை இன்னைக்கே கழட்டணும்” என்றார், மலையாளத்தில். அதற்குப் பிறகு அந்த சென்டரில் நான் இருந்த காலம் முழுவதும் அவர் என்னிடம் தமிழ் பேசவில்லை. லேபில் குறிகளை நிறுத்திவிட்டு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று வார்த்தையாகத் தட்டச் சொன்னோம். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஏன் என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. போனில் மட்டும் அவருடைய மூன்று கேள்விகள் நான்காகின. “மைனஸ் வந்நோ?”

அன்றைக்கு அவர்களை மறுபடி பஸ் ஏற்றுவதற்கு ஆட்டோ கூப்பிட நான் வெளியே வந்தபோது, சுடலைமுத்து மனைவியோடு பின்னாலேயே வந்தார். காலைச் சீட்டை மடிப்புப் பிரித்து நீட்டினார். பேனாவால் போட்ட பிளஸ் பளிச்சென்று இருந்தது.

“தம்பி, இதுக்குப் பின்னால நீயே எழுதிக் குடு. இந்தக் கோடு கீடெல்லாம் போடாத. எழுத்தா எழுது. தமிழ்ல எழுது.”

நான் முன்பக்கத்துப் பிளஸை அடித்துவிட்டு, தாளை வந்து நின்ற ஆட்டோவின் மேல் வைத்து எழுதினேன். பேச்சியம்மாள், ஓ நெகட்டிவ். சுடலைமுத்து அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். எங்கள் அப்பா தாள்களைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். பிறகு மனைவியிடம் கொடுத்தார். அவர் எழுத்துக்கூட்டி ஒரு தடவை வாசித்தார். சந்தேகம் வந்தவர்போல, விரலை வைத்து இன்னொரு தடவை வாசித்தார்.

“சரியா இருக்கா?” என்று சுடலைமுத்து கேட்டார்.

“இருக்கு.”

அவர் தாளைத் திரும்ப வாங்கி, வழக்கம்போல நான்காக மடிக்கப் போனார். பேச்சியம்மாள் அவர் கையைப் பிடித்தார்.

“மடிக்காதிய. மடிப்புல எழுத்துப் போயிரும்.”

ஆட்டோ கிளம்பும்போது அந்தத் தாள் சுடலைமுத்துவின் கையில் விரித்தபடியே இருந்தது.